கடைப்படியும் கடைச்சிப்பந்தியும்

(பழைய மாணவரான தமிழாசிரியர் ஒருவர், மஸ்கெலியா)

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, இலக்கியப் பொருள் பற்றியே எழுத எண்ணியிருந்தேன். சென்ற தீபாவளிக்கு முன் மஸ்கெலியாக் கடைவீதியிற் கண்ட காட்சியொன்று அவ்வெண்ணத்தை மாற்றிற்று.

புடவைக்கடை ஒன்றின் வாயிலில் முச்சக்கரவண்டி நின்றது. அதனுள் மூதாட்டி ஒருவர். பல்லாண்டுகள் மலைச்சரிவிற் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். முழங்கால்கள் மடங்க மறுத்துவிட்டன. கடைக்கு ஐந்து படிகள். கைப்பிடிக் கம்பி இல்லை. கடைச்சிப்பந்தியாகிய இளைஞன் சேலைகளைத் தோளிற் சுமந்து இறங்கி வந்து காட்டினான். ஏறிச்சென்று வேறு கொணர்ந்தான். மூன்றாம் முறை உள்ளிருந்து அதட்டல் கேட்டது. “போதும் தம்பி; உனக்கு ஏச்சு விழவேண்டாம். இதையே கட்டித் தா” என்றார் மூதாட்டி. அவர் தாம் விரும்பியதை வாங்கினாரல்லர், கிடைத்ததை வாங்கினார். காசு கொடுத்து வாங்குபவரும் இரந்து பெறுபவரைப் போல் ஆகவேண்டிய நிலை என் நெஞ்சை உறுத்திற்று.

கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர்கள் அங்குள்ள பெருங்கடைகளில் மோட்டார் பூட்டிய வண்டிகளைக் கண்டிருப்பர். நடக்கவியலாதவர் அதில் அமர்ந்து, முன்னுள்ள கூடையிற் பொருள்களை இட்டுக்கொண்டு, தாமே ஓட்டிச் செல்வர். 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒக்லகோமா நகரில் கடை நடத்திய சில்வன் கோல்ட்மன் என்பார் கூடைக்குச் சக்கரம் பூட்டினார். 1968இல் மிச்சிகன் மாநிலத்து ஆலன் தீம் என்பார், நோயால் நடக்கவியலாத தம் குடும்பத்தவர் ஒருவருக்காக மின்கலத்தால் ஓடும் சிறுவண்டியொன்றை அமைத்தார். இவ்விரண்டும் இணைந்தாற் போன்றதே இன்றைய கடைவண்டி.

ஆயின், வண்டி வாங்கி வைத்தமாத்திரத்தில் கடமை முடிந்துவிடுவதில்லை. வெளிமுற்றத்தில் விட்டுச்சென்ற வண்டியை மீட்டு வருபவன் சிப்பந்தி. மின்கலத்துக்கு மின்னேற்றுபவன் அவன். நடுவழியில் ஓட்டம் நின்றால் ஓடிச்சென்று உதவுபவனும், உயரத் தட்டிலுள்ளதை எடுத்துக் கொடுப்பவனும் அவனே. இவற்றினும் அரியதொரு கடமை உண்டு. நல்ல உடலினர் போலத் தோன்றும் ஒருவர் வண்டி கேட்கும்போது, “இவருக்கு என்ன குறை?” என்று ஐயுறாதிருத்தலே அது. இதயநோயும் மூட்டுவாதமும் முகத்தில் எழுதியிருப்பதில்லை. சிறுவர் சிலர் வண்டியில் ஏறி விளையாடுவர் என்பது மெய்யே. அதற்காக உண்மையில் வருந்துபவரைக் குறுக்கு விசாரணை செய்தல் முறையாகாது.

மஸ்கெலியாவில் மோட்டார் வண்டிக்கு இடமேது என நண்பர்கள் வினவலாம். உண்மையே. 1969இல் எழுந்த மவுசாகலை நீர்த்தேக்கத்துள் நம் பழைய நகர் மூழ்கிற்று. மேட்டில் எழுந்தது புதிய நகர். இங்கே கடைகள் ஒடுங்கியவை, படிகளோ பல. எனவே, அயல்நாட்டில் வண்டி செய்யும் வேலையை இங்கே சிப்பந்தியின் கால்களே செய்கின்றன. நான் கண்ட இளைஞனே அம்மூதாட்டியின் வண்டி. அவ்வண்டிக்கு இளைப்பாறுதல் உண்டா என்பதே என் வினா.

நம் நாட்டிற் சட்டங்கள் இல்லாமலில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனர் உரிமைகளைக் காக்க எழுந்தது. பொதுமக்கள் புழங்கும் கட்டடங்களுள் அவர்கள் செல்ல வசதி வேண்டுமென 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. 2016இல் ஐக்கிய நாடுகளின் அங்கவீனர் உரிமை உடன்படிக்கையையும் இலங்கை ஏற்றுறுதி செய்தது. கடைச்சிப்பந்திகளுக்கோ 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி என வேலைநேரத்தை வரையறுத்தது. ஏட்டில் இருப்பது படியிறங்கி வீதிக்கு வருவதே அரிது.

அண்டை நாட்டில் நிகழ்ந்ததொன்றையும் நினைத்தல் தகும். நாள் முழுதும் நின்றே வேலை செய்த கேரளப் புடவைக்கடைப் பெண்கள், அமரும் உரிமை வேண்டிப் போராடினர். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பெற்றது. 2021இல் தமிழ்நாடும் கடைத்தொழிலாளர்க்கு இருக்கை தரவேண்டுமெனச் சட்டமியற்றிற்று. நாற்காலி ஒன்றுக்குச் சட்டம் வேண்டியதாயிற்றே என நாணுதல் நம் கடன்.

வாங்க வருபவர்க்கு அமர இடமில்லை. விற்க நிற்பவர்க்கும் அமர இடமில்லை. இவ்விரண்டும் வெவ்வேறு குறைகள் என்று எண்ணுகிறோம். யான் கருதுவது வேறு. கால் கடுக்க நிற்பவனிடம் கனிவை எதிர்பார்த்தல் எங்ஙனம்? ஏச்சுக்கு அஞ்சுபவன் நான்காம் முறை எங்ஙனம் படியேறுவான்? சிப்பந்தியை மதிக்கும் கடையிலேயே நடக்கவியலாதவரும் மதிக்கப்பெறுவர்.

நம் பழைய மாணவருட் கடை நடத்துவோர் பலர். அவர்களிடம் பெருஞ்செலவு எதனையும் வேண்டுகிலேன். இடமுள்ள கடைக்குச் சாய்தளம். இல்லாத கடைக்குக் கைப்பிடிக் கம்பி. வாயிலருகே வாடிக்கையாளர்க்கு ஒரு நாற்காலி. மேசைக்குப் பின்னே சிப்பந்திக்கு ஒன்று. வீதியில் நிற்பவர்க்குப் பண்டத்தைக் கொண்டுபோய்க் காட்டுதலும் அவன் வேலையே என முதலாளி தம் வாயாற் சொல்லிவிடல் வேண்டும். அச்சொல்லுக்குச் செலவு சிறிதுமில்லை.

மாணவர்க்கும் ஒரு சொல். சிவனொளிபாதமலைக்குச் செல்லும் பருவத்தில், முன்பின் அறியாத முதியோர்க்கும் கைகொடுத்துப் படியேற்றுபவர் நம்மவர். மலைப்படியிற் காட்டும் அன்பைக் கடைப்படியிலும் காட்டுதல் அரிதன்று. அடுத்த தீபாவளிக்கு அம்மூதாட்டி மீண்டும் வருவார். அப்போதேனும் அவர் தமக்குப் பிடித்த சேலையைத் தெரிந்தெடுத்துச் செல்வாராக.