ஜீப்பைக் கழுவுங்க, தேய்க்காதீங்க!

ஆயுத பூஜை வரப்போகிறது. அதற்கு முதல்நாள் நம்ம போளூர் ஜீப், பிக்கப் எல்லாம் ஓடைக்கரையில் வரிசையாக நிற்கும். கழுவுறது யாரு? பாதி வண்டியை நம்மள மாதிரி பிள்ளைங்கதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். பெரியவங்க யாராவது படிச்சா, சின்னப் பொண்ணு நமக்குச் சொல்றாளேன்னு கோபப்படாதீங்க.

போன வருஷம் எங்க மாமாவோட ஜீப்பை நான்தான் கழுவினேன். வடுகபட்டி சந்தைக்குப் பூண்டு ஏத்திக்கிட்டுப் போயிட்டு வந்த வண்டி. பானெட் வரைக்கும் சேறு காய்ஞ்சு ஒட்டியிருந்தது. பாத்திரம் தேய்க்கிற மாதிரிதானேன்னு நினைச்சுட்டேன். தேங்காய் நார், துணி சோப்புத்தூள், கொஞ்சம் ஓடை மணல். கை வலிக்க வலிக்கத் தேய்ச்சேன். ஈரத்தில் பளபளன்னு இருந்தது. மாமா சந்தோஷமா பத்து ரூபாய் கொடுத்தார்.

மறுநாள் வெயில் அடிச்சதும் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்திவலை மாதிரி வட்டவட்டமாகக் கீறல்! மாமா திட்டவில்லை. "சரி விடு பாப்பா"ன்னு சொல்லிட்டு விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கிட்டே நின்னார். திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை.

அதோடு போகவில்லை. மட்கார்டு ஓரத்தில் கல் அடிச்சு ஏற்கெனவே பெயிண்ட் பொரிஞ்சிருந்தது. நான் தேய்ச்ச தேய்ப்பில் அது இன்னும் உரிஞ்சு தகரம் தெரிஞ்சது. ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும் முடிஞ்சு பார்த்தால் அங்கே துரு. டிங்கரிங் பண்ணி பெயிண்ட் அடிக்க ஒரு மூட்டைப் பூண்டு வித்த காசு போயிடுச்சு.

ஏன் இப்படி ஆச்சுன்னு அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் மோஸ் கடினத்தன்மை அளவுகோலைப் பற்றிச் சொன்னார். பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மன் அறிஞர் 1812-ல் உண்டாக்கியது. ஒரு பொருள் இன்னொரு பொருளைக் கீறுமா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். வைரம் 10. நம்ம நகம் ஏறக்குறைய 2.5. ஜன்னல் கண்ணாடி 5.5. மணலில் இருக்கிற குவார்ட்ஸ் 7. அதாவது மணல் கண்ணாடியையே கீறிவிடும். பெயிண்ட் கண்ணாடியை விட ரொம்ப மிருது. அது என்ன பண்ணும் பாவம்!

ரோட்டுச் சேறு என்பதும் பாறை உடைந்து வந்த பொடிதான். அதிலும் இந்தக் குவார்ட்ஸ் இருக்கிறது. அப்படியானால் நான் மணல் போடாமல் வெறும் துணியால் தேய்ச்சிருந்தாலும் கீறல் விழுந்திருக்கும். சேறே உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். இதுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது.

புது வண்டியில் பெயிண்ட் ஒரே பூச்சு இல்லை. அடியில் துரு பிடிக்காமல் இருக்க பிரைமர், அதுக்கு மேலே கலர், எல்லாத்துக்கும் மேலே நிறமே இல்லாத ஒரு பூச்சு. பளபளப்பு அந்த மேல்பூச்சில்தான் இருக்கிறது. அது ஒரு தலைமுடி அளவுகூடக் கனம் கிடையாது. பழைய ஜீப்புகளுக்கு எனாமல் பெயிண்ட் மட்டும் அடிச்சிருப்பாங்க. அதைத் தேய்ச்சால் துணியிலேயே கலர் ஒட்டிக்கிட்டு வரும், பார்த்திருப்பீங்க.

"தேய்க்காம அழுக்கு எப்படிப் போகும்?" என்று எங்க பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஊற வெச்சாப் போகும். துணி துவைக்கும்போது முதலில் ஊற வைக்கிறோமே! வண்டியை நிழலில் நிறுத்தி, மேலிருந்து கீழே நிறையத் தண்ணீர் ஊத்தணும். சேறு இளகும்வரை பொறுத்திருந்து மறுபடி ஊத்தணும். தானாக வழிஞ்சு ஓடினதுக்கு அப்புறம்தான் துணியே தொடணும். வாளி இரண்டு வேணும். ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். ஒரே வாளியில் முக்கினால் எடுத்த மண்ணையே திரும்பவும் பூசுகிறோம். சக்கரத்தைக் கடைசியில், வேறு துணியால் துடைக்கணும். துணி சோப்புத்தூள் காரம் அதிகம். பாலிஷ் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடும். வண்டி கழுவுகிற ஷாம்பு கடையில் கிடைக்கிறது, ஒரு பாட்டில் வாங்கினால் ரொம்ப நாள் வரும்.

சில பேர் பளபளப்புக்கு டீசல் போட்டுத் துடைக்கிறாங்க. அந்தப் பளபளப்பு கவுஞ்சி தாண்டுறதுக்குள்ளே புழுதியாகிவிடும், எண்ணெய்ப் பிசுக்கில் தூசி வந்து ஒட்டும். அதைத் திரும்பத் துடைச்சால் திரும்பக் கீறல். கீழே வாட்டர் சர்வீஸில் விடுறது நல்லதுதான், தண்ணீர் வேகத்திலேயே சேறு போகும். ஆனால் பெயிண்ட் பொரிஞ்ச இடத்தில் குழாயைக் கிட்டே பிடிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிடணும். இல்லாவிட்டால் உரிஞ்சுக்கிட்டு வந்துடும்.

நம்ம மலைக்கு மட்டும் இன்னொரு தொல்லை உண்டு, உறைபனி. மார்கழி, தை மாதக் காலையில் பானெட்டும் கண்ணாடியும் வெள்ளையாக உறைஞ்சிருக்கும். கொட்டாங்கச்சியால் சுரண்டுறதை நானே பார்த்திருக்கேன். கண்ணாடியில் கொதிக்கிற தண்ணீரை ஊத்துறாங்க, அது விரிசல் விடும். வெயில் வரும்வரை பொறுக்க முடியாதவங்க ராத்திரியே சாக்குப் போட்டு மூடலாம்.

ஜீப் நமக்கு அழகுக்கு வெச்சிருக்கிற வண்டி இல்லை. ராத்திரி யாருக்காவது முடியலைன்னா கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு இதில்தான் தூக்கிக்கிட்டு ஓடுறோம். விற்கப் போனாலும் வாங்குகிறவர் முதலில் பெயிண்டையும் துருவையும்தான் பார்ப்பார். கடன் வாங்கி எடுத்த வண்டியை நாமே தேய்ச்சு விலை குறைக்கிறோம்.

இன்னொண்ணு. வண்டியை ஓடைக்குள்ளே இறக்காதீங்க. ஆயிலும் சோப்பும் கீழே குளிக்கிறவங்களுக்குத்தான் போகுது. வாளியில் மொண்டு மேட்டுக்குக் கொண்டுபோங்க. கஷ்டம்தான், இருபது நடை நடக்கணும்.

இந்த வருஷமும் மாமா ஜீப்பை நானே கழுவுறேன்னு கேட்டிருக்கேன். இரண்டு வாளி தயாராக வெச்சிருக்கேன். மாமா இன்னும் சரின்னு சொல்லலை.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி