ஆட்டின் காலண்டர்

டிசம்பர் பிறந்தால் புசா ரோடு வீடுகளில் காஷ்மீர் சால்வைக்காரர் மூட்டை பிரிப்பார். பஷ்மினா விலையைக் கேட்டாலே நடுக்கம் வரும்.

லடாக்கின் சாங்தாங் ஆடுகளுக்கு, முரட்டு மேல்முடிக்கு அடியில் 12 முதல் 15 மைக்ரான் பருமனில் வளரும் பூமயிர் அது. குளிர்தான் வளர்க்கிறது என்று நினைப்போம். ஆனால் இரவு நீள நீள மெலடோனின் கூடுகிறது; மயிர்க்கால் குளிருக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறது. 'போதும்' என்று நிறுத்துவது எஃப்.ஜி.எஃப்.5 என்ற மரபணு. சீன விஞ்ஞானிகள் தங்கள் ஆடுகளில் அதைச் செயலிழக்கச் செய்து முடியை நீளமாக்கியதாக 2016-இல் அறிவித்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான்.

நம்மவர்களும் சளைக்கவில்லை. ஸ்ரீநகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் 2012 மார்ச்சில் குளோனிங் முறையில் நூரி என்ற பஷ்மினா குட்டி பிறந்தது. அடுத்த குளிர்காலமே, 2013-இல், கடும் பனியில் மேய்ச்சல் நிலம் மூடிப்போய் சாங்தாங்கில் ஆயிரக்கணக்கான ஆடுகள் பட்டினியால் மடிந்தன. சாங்பா மேய்ப்பர்கள் அப்போது கேட்டது தீவனம்.