சித்தாளுக்கு என்ன கூலி?

அன்புள்ள வாசகர்களுக்கு,

ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்கோயிலிலும் பழைய ஓட்டு வீடுகள் இருந்த இடங்களில் அடுக்ககங்கள் எழுகின்றன. வீடு கட்டுகிறவர்கள் பலரும் என்னிடம், "சங்கம் வைத்ததுதான் கூலி" என்று குறைபட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை.

கட்டடத் தொழிலாளர் சங்கம் கூடிக் கொத்தனாருக்கு இவ்வளவு, சித்தாளுக்கு இவ்வளவு என்று அறிவித்துவிட்டால், சந்தா கட்டாத உள்ளூர்க்காரரும் அதைச் சொல்லித்தான் பேரம் பேசுவார். அடிமாட்டுக் கூலிக்குப் போகிறவர்கள் அந்தப் பேச்சே எட்டாதவர்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஒப்பந்தக்காரர் அழைத்துவரும் பையன்களுக்கு இங்கே என்ன கூலி என்று சொல்ல யாருமில்லை. முன்பணத்தைக் கழித்துக்கொண்டு கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார்கள்.

சங்கம் எட்டியவருக்கும் எட்டாதவருக்கும் உள்ள வேறுபாடு கூலியோடு முடிவதும் அல்ல. கட்டடத் தொழிலாளர்களுக்கெனத் தமிழ்நாட்டில் நல வாரியம் 1994இல் வந்தது. மத்தியச் சட்டம் வந்ததோ 1996இல். இரண்டுக்கும் பின்னால் சங்கங்களின் நீண்ட போராட்டம் இருக்கிறது. 1985இல் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ண ஐயர் தலைமையில் நாடு தழுவிய பிரச்சாரக் குழுவே அமைந்தது. இன்று கட்டடச் செலவில் 1 சதவீதம் நல நிதியாக வாரியத்துக்குப் போகிறது. பிள்ளைகளின் படிப்பு, மகப்பேறு, விபத்து, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் அதிலிருந்துதான். ஆனால் பதிவு செய்து, உரிய காலத்தில் புதுப்பித்திருக்க வேண்டும். படிவம் நிரப்பித் தந்து, விடுபட்டதை நினைவூட்டச் சங்கத்து ஆள் இருந்தால் அது நடக்கிறது. சாரத்திலிருந்து விழுந்த பிறகு வாரிய அட்டையைத் தேடுகிற குடும்பங்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

சங்கத்தாரிடமும் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். உங்கள் கூலிப் பட்டியலிலும் சித்தாள் ஏன் எப்போதும் கடைசியில்? சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆனால் "வேலை வேறு" என்று சொல்லியே பெண்களைக் குறைந்த கூலியில் நிறுத்திவிடுகிறோம். இருபது வருடம் கலவை சுமந்த பெண்ணின் கையில் கரண்டியைக் கொடுத்துப் பூச்சு வேலை பழக்கச் சங்கம் முன்வர வேண்டாமா?

வீடு கட்டும் வாசகர்களே, மொத்தக் கான்ட்ராக்ட் விட்டிருந்தாலும் ஒருநாள் வேலையிடத்துக்குப் போய், வெளியூர்ப் பையனுக்கும் சித்தாளுக்கும் கையில் எவ்வளவு கிடைக்கிறது, வாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதை எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்