எத்தனை எஃபெக்ட் என்று கேட்காதே!

கிடார் வாங்கிய கையோடு நம்ம ஆட்கள் கேட்பது, "மச்சி, இந்தப் பெடல்ல எத்தனை எஃபெக்ட் இருக்கு?" அந்தக் கேள்வியே தப்பு என்பது என் கட்சி. ஜூம் ஜி1 ஃபோரில் 60-க்கு மேல் உண்டு. ஒரே நேரத்தில் ஓடுவது 5தான். மேடைக்கு வேண்டியது டிஸ்டார்ஷன், டிலே, கொஞ்சம் ரிவெர்ப். மீதி ஹாஸ்டல் ரூமில் முதல் வாரம் விளையாட!

நம் விழாக்களில் கிடார் ஆம்ப் ஏது? மைக்செட்காரர் மிக்ஸரில்தான் செருகணும். கிடார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட இரைச்சலைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். மைக்செட் பெட்டி விழுங்காது. டிஸ்டார்ஷன் போட்டால் தேன்கூட்டைக் கலைத்த மாதிரி இரையும். அதனால், அந்த ஸ்பீக்கரைப் போலவே நடிக்கும் 'கேபினட் சிமுலேஷன்' பெடலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆம்ப் கிடைத்தால் அதை ஆஃப் பண்ணிடணும்.

அடுத்து, காலால் ஒரே மிதியில் டோன் மாறணும். போன வருஷம் பாட்டு நடுவே குனிந்து மெனு தேடினேன். நாலு பார் மௌனம். எங்க டிரம்மர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அடாப்டர் விஷயம்: பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். கையில் கிடைத்ததைச் செருகிப் பார்க்கும் எலக்ட்ரிகல் நண்பர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்!