கொடும்பாளூர் மண்ணை மிதிக்காமல் வானதியை எழுதலாமா?

வரலாற்று நாவலைப் படமாக்குகிறவர்களுக்குக் கள ஆய்வு வெட்டிச் செலவு என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் அடுக்கும் காரணங்கள் மூன்று: சோழர் அரண்மனை எதுவும் இன்று நிற்கவில்லை, போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? வேண்டியதையெல்லாம் கல்கியே எழுதிவிட்டார். ‘பொன்னியின் செல்வன்’ ஓர்ச்சாவிலும் குவாலியரிலும் படமாகி வெற்றியும் பெற்றது, பிறகென்ன? மூன்றுமே பிழை. திரைக்கதை எழுத வரும் இளைஞர்களைச் சோம்பேறிகளாக்கும் பிழை என்பதால்தான் வல்லத்திராக்கோட்டையிலிருந்து இதை எழுதுகிறேன்.

படம் பிடிக்கும் இடமும் கள ஆய்வும் ஒன்று என்று நண்பர் குழப்பிக்கொள்கிறார். அனுமதி, செலவு, வசதி என்று பார்த்துப் படக்குழு எந்த ஊருக்கும் போகட்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஓர்ச்சா 16ஆம் நூற்றாண்டில் புந்தேல மன்னர்கள் எழுப்பிய தலைநகர். அங்குள்ள குவிமாடங்களில் எதை மறைப்பது, எந்தச் சுவரைக் காட்டுவது என்று சொல்லவாவது சோழநாட்டுக் கட்டடம் தெரிந்த ஒருவர் வேண்டாமா?

அரண்மனை நிற்கவில்லைதான். அதன் அடித்தளம் மண்ணுக்குள் கிடக்கிறதே! கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் 1980 முதல் நடந்த அகழாய்வுகளில் சுட்ட செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் மரத்தூண்களைத் தாங்கிய கருங்கற்களும் கிடைத்தன. ராஜேந்திர சோழன் காலத்து மாளிகையே செங்கல்லும் மரமும் ஓடுமாக இருந்திருக்கிறது. இது தெரிந்தவருக்குத்தான் நாவலில் கடம்பூர் மாளிகை பற்றி எரிவதன் வேகம் பிடிபடும். கற்கோட்டையை மனதில் வைத்து எழுதுகிறவர் அந்தத் தீயை எங்கே பற்றவைப்பார்? எங்கள் மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டையையும் 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2023இல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழ்ந்தன. சங்ககாலக் கோட்டை எப்படி இருந்தது என்று கேட்பவருக்கு அந்த மதில்மேடும் அகழியும் பதில் சொல்லும்.

கல்கி எழுதிவிட்டார் என்கிறீர்கள். அவர் எப்படி எழுதினார் என்பதையும் சொல்லுங்கள். வரலாற்றாசிரியர்கள் நீலகண்ட சாஸ்திரியையும் சதாசிவ பண்டாரத்தாரையும் படித்ததோடு அவர் நிற்கவில்லை. ஓவியர் மணியத்தை அழைத்துக்கொண்டு இலங்கைக்கே போய்ப் பார்த்து வந்தார். நீங்கள் துணைக்கு அழைக்கும் கல்கியே உங்களுக்கு எதிர்ச்சாட்சி. ‘பொன்னியின் செல்வன்’ தொடர்கதை 1954இல் முடிந்தது. மேலே சொன்ன அகழாய்வுகள் எல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை. இன்றைய திரைக்கதையாசிரியர் கல்கி நிறுத்திய இடத்திலிருந்து நடக்க வேண்டும்.

எனக்கு மிகவும் கோபம் வந்தது, கொடும்பாளூரில் “ரெண்டு கோயிலைத் தவிர என்ன இருக்கிறது” என்று கேட்டிருப்பதில்தான். மூவர் கோயிலில் இரண்டு விமானங்கள் நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும்தான் மிச்சம். பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் மனைவியர் கற்றளி, வரகுணை பெயராலும் எடுத்த கோயில் அது. இந்த ஊரை ஆண்ட இருக்குவேளிரின் வம்ச வரிசையை அங்குள்ள கிரந்தக் கல்வெட்டு சொல்கிறது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும் பாதை மூன்றாகப் பிரியும் இடமாகச் சிலப்பதிகாரம் காட்டுவது இந்த ஊரைத்தான். இன்றும் திருச்சி–மதுரை நெடுஞ்சாலை இதை ஒட்டித்தான் போகிறது. சோழர் படை பாண்டிய நாட்டுக்குள் இறங்க வேண்டுமானால் இந்த வழியைக் காப்பவர்களின் உறவு வேண்டும். நாவலில் கொடும்பாளூர்ப் பெண் வானதியைச் சோழ இளவரசனுக்குக் கட்டிவைக்கத் துடிக்கும் அரசியல் இந்தச் சாலையில் இருக்கிறது. அங்கே நின்று பார்த்தவருக்கு அது ஒரு நொடியில் விளங்கும்.

இன்னொன்றும் விளங்கும். கொடும்பாளூரும் எங்கள் ஊரைப்போல வானம் பார்த்த பூமி. பாறையும் கண்மாயும்தான், ஆற்றுப் பாசனம் கிடையாது. சிறுவயதில் திருச்சிப் பாலத்தில் பேருந்து ஏறியபோது கரைதொட்டு ஓடிய காவிரியைப் பார்த்து நான் இருக்கையை விட்டு எழுந்து நின்றேன். அவ்வளவு தண்ணீரை அதற்குமுன் நான் கண்டதில்லை. இந்த மண்ணில் வளர்ந்த வானதி பழையாறைக்குப் போகும் வழியில் பொன்னியை முதன்முதலாகப் பார்த்திருந்தால் அவள் முகம் எப்படி இருந்திருக்கும்? அந்தக் காட்சியை எழுத ஒரு நாள் பேருந்துப் பயணம் போதும், நண்பரே. அந்த ஒரு நாளைத்தான் நீங்கள் வெட்டிச் செலவு என்கிறீர்கள்.