கேன்சருக்கு ஆல்பாஸ் கிடையாது!

2020 ஊரடங்கின் முதல் பத்து வாரத்தில் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் நடந்த சிகிச்சைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. காப்பீடு என்பது சிகிச்சை நடந்தால்தான் பணம் கொடுக்கும். நோயாளி வரலைன்னா அரசுக் கணக்கில் அது மிச்சம். அந்த மிச்சத்துக்கு யார் விலை கொடுத்தாங்க?

தோழர்களே, புற்றுநோயை மட்டும் எடுத்துக்குவோம். நாடு முழுக்க 41 புற்றுநோய் மருத்துவமனைகளின் கணக்கு லான்செட் ஆன்காலஜி இதழில் வந்திருக்கு. 2019 மார்ச் முதல் மே வரை புதுசாப் பதிவு செய்தவங்க 1,12,270 பேர். 2020-ல் அதே மூணு மாசத்தில் 51,760 பேர். பெரிய அறுவை சிகிச்சைகள் 49% குறைவு. மீதி அறுபதாயிரம் பேருக்கு நோய் தானா குணமாயிடுச்சா? கட்டியோட வீட்ல உட்கார்ந்திருந்தாங்க.

அந்த வருஷம் அரியருக்கு ஆல்பாஸ் போட்டாங்க. (நம்ம பசங்க பல பேர் அதுல தப்பிச்சோம், அது வேற கதை.) கேன்சருக்கு ஆல்பாஸ் கிடையாது. அறுவை சிகிச்சை நாலு வாரம் தள்ளிப்போனா இறப்பு அபாயம் 6 முதல் 8% கூடுதுன்னு பிஎம்ஜே ஆய்வு சொல்லுது. முதல் ஸ்டேஜில் ஒரு ஆபரேஷனோட முடிய வேண்டியது, மூணாவது ஸ்டேஜில் கீமோ, ரேடியேஷன், விலை கூடின மருந்துன்னு நீளும். அரசுக்கு அன்னைக்கு மிச்சமானது, குடும்பத்துக்கு அடகுக்கடை ரசீதா வந்துச்சு.

இன்னொரு கூத்து. புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் டிக்கெட் இலவசம். 2020 மார்ச்சில் பல சலுகைகளை வெட்டினப்ப இதை விட்டுவெச்சாங்க. சரி, ரயில்? அதே மாசக் கடைசியில் ரயிலையே நிறுத்திட்டாங்க! ராமநாதபுரத்திலிருந்து அடையாறுக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல. வாடகைக் கார், இ-பாஸ், ரேடியேஷன்னா வாரம் அஞ்சு நாள் வீதம் அஞ்சாறு வாரம் சென்னையில் ரூம் வாடகை. காப்பீட்டு பேக்கேஜில் இது எதுவும் வராது. பக்கத்திலேயே மதுரையில் 2019 ஜனவரியில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டினாங்களே? 2020-ல் அங்கே ஒரு படுக்கைகூட கிடையாது.

2020 மே மாசம் பி.எம். கேர்ஸிலிருந்து 3,100 கோடி ஒதுக்கினாங்க. வென்டிலேட்டருக்கு 2,000 கோடி, புலம்பெயர் தொழிலாளர்களுக்கு 1,000 கோடி, தடுப்பூசிக்கு 100 கோடி. இதுல எதையும் வேண்டாம்னு சொல்லலை. ஆனா புற்றுநோயாளியை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்க அதில் ஒரு ரூபாய் உண்டா?

"பெருந்தொற்று நேரத்தில் வேற என்ன பண்ண முடியும்?"னு கமெண்ட்டில் கிளம்பி வருவாங்க. அதே லான்செட் கணக்கைக் காட்டுங்க. புதுப் பதிவு 54% சரிஞ்சப்ப, கதிர்வீச்சு சிகிச்சை குறைஞ்சது 23% மட்டும்தான். வந்து சேர முடிஞ்சவங்களுக்கு டாக்டரும் நர்ஸும் மெஷினை ஓட்டிக்கிட்டுதான் இருந்தாங்க. அடைபட்டது ரோடு. ரோட்டை அடைச்சது அரசு, அதுவும் நாலு மணி நேர நோட்டீஸில்.

பயணச் செலவும் தங்கும் செலவும் காப்பீட்டுக்குள்ள வரணும். அடுத்த ஊரடங்குன்னு ஒண்ணு வந்தா, உத்தரவு போடுற அன்னைக்கே கீமோ, ரேடியேஷன் நோயாளிகளுக்கு மாவட்டவாரியா பஸ் அறிவிக்கணும். தென்மாவட்டத்துக்காரங்க சென்னைக்கு ஓடாத அளவுக்கு கதிர்வீச்சு மெஷினும் அதை இயக்க ஆளும் அங்கேயே வேணும். ஒன்றிய அரசு இதுக்கு எவ்வளவு தரப்போகுது, எப்போ தரப்போகுது?

#கேன்சருக்கு_ஊரடங்கு_தெரியாது