தோமாவின் ஊரில் கேள்வி கேட்டால் தப்பா?

முதல்லயே ஒரு டிஸ்கி: இது மதம் மாத்துற பதிவும் இல்லை, மதத்தைத் திட்டுற பதிவும் இல்லை. ரெண்டு பக்கமும் கல்லோட காத்திருக்கிறவங்க முழுசாப் படிச்சுட்டு எறியுங்க :-)

கே.கே. நகர்ல ஒரு சர்ச்சுல ஞாயித்துக்கிழமை காலையில 13 முதல் 17 வயசுப் பசங்களுக்கு சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். சின்ன வகுப்பு எடுக்கிறவங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கும். நோவா பேழைக்குக் கலர் அடிக்க வச்சு, மனப்பாட வசனம் சொன்னா ஸ்டார் ஒட்டி அனுப்பிடலாம். என் வகுப்புல வர்ற கேள்விகள் வேற ரகம்.

"ஆதியாகமம் ஆறு நாள்ங்குது, பயாலஜி புக் கோடிக்கணக்கான வருஷம்ங்குது. எதுண்ணா நிஜம்?"

"கானானியரை அடியோட அழிக்கச் சொன்னவர் எப்படி அன்பான கடவுள்?"

"எங்க பாட்டி முருகனைக் கும்பிடுறவங்க. ரொம்ப நல்லவங்க. அவங்க நரகத்துக்கா போவாங்க?"

"சர்ச்சுக்குள்ள எதுக்கு ஜாதி?"

நம்ம சபைகள்ல இதுக்கெல்லாம் ரெடிமேடா ஒரு பதில் உண்டு. "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது, விசுவாசிக்கணும்." என்னைப் பொறுத்தவரை இந்தப் பதில் பகுத்தறிவுக்கு விரோதம்ங்கிறது ரெண்டாவது பிரச்சினை. பைபிளுக்கே விரோதம்ங்கிறதுதான் முதல் பிரச்சினை.

எப்படீன்னு சொல்றேன். இயேசுவோட குழந்தைப் பருவத்துக்கும் முப்பது வயசுக்கும் நடுவுல நாலு சுவிசேஷத்துலயும் சேர்த்து இருக்கிறது ஒரே ஒரு சம்பவம் (லூக்கா 2). அப்போ அவருக்கு வயசு 12. எருசலேம் தேவாலயத்துல போதகர்கள் நடுவுல உட்கார்ந்து, அவங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டே கேள்வியும் கேட்டுக்கிட்டு இருந்தாரு. அந்தப் பெரியவங்க யாரும் 'வாயை மூடுடா'ன்னு சொன்னதா எழுதலை. அந்த வயசுல அவரைப் பத்தி நமக்குத் தெரிஞ்ச ஒரே பழக்கம் கேள்வி கேட்கிறதுதான். அதையே நம்ம பசங்க செஞ்சா அடங்காப்பிடாரி!

அடுத்தது யோபு. 42 அதிகாரத்துல பெரும்பகுதி ஒரு மனுஷன் கடவுளை நேருக்கு நேர் நியாயம் கேட்கிறதுதான். அவனோட நண்பர்கள் கடவுளுக்கு வக்காலத்து வாங்குறாங்க. கடைசியில கடவுள் கோபப்படுறது அந்த நண்பர்கள் மேலதான். யோபு பேசினதுதான் சரின்னு சொல்லிடறாரு. சண்டே ஸ்கூல் வாத்தியார்கள் எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்த இடத்தைப் படிக்கணும்.

அப்புறம் நம்ம ஊர்க்காரர் தோமா. எங்க ஏரியாவுலேர்ந்து ஈக்காட்டுத்தாங்கல், கிண்டி தாண்டினா பரங்கிமலை. அவர் ஈட்டியால குத்துப்பட்டு இறந்தது அங்கே, அடக்கம் ஆனது மயிலாப்பூர் சாந்தோம்ல என்பது மரபு. வரலாற்று ஆய்வாளர்கள் மத்தியில இதுபத்தி இன்னும் விவாதம் இருக்கு. அதையும் பசங்ககிட்ட அப்படியே சொல்லலாம், மலை ஒண்ணும் இடிஞ்சு விழாது. ஆனா உயிர்த்தெழுந்ததைத் தொட்டுப் பார்க்காம நம்ப மாட்டேன்னு சொன்ன ஆளைத்தான் இந்த ஊர் தன் அப்போஸ்தலரா வச்சிருக்கு.

யோவான் 20-ல பலபேர் கவனிக்காம தாண்டிப் போற ஒரு விஷயம் உண்டு. தோமா 'நம்ப மாட்டேன்'னு சொன்னதுக்கும் இயேசு மறுபடி வந்ததுக்கும் நடுவுல ஒரு வாரம் இடைவெளி. அந்த வாரம் முடியும்போது தோமா எங்கே இருந்தார்? மத்த சீடர்களோட, அதே வீட்டுக்குள்ள. நம்பினவங்க நம்பாதவனை வெளியே தள்ளலை. அவனும் கோச்சுக்கிட்டுப் போகலை. என் வகுப்பு அந்த வீடு மாதிரி இருந்தாப் போதும்னு நினைக்கிறேன்.

'காணாமலே நம்புறவங்கதான் பாக்கியவான்கள்னு இயேசு சொன்னாரே?'ன்னு கேட்பீங்க. சொன்னாரு, காயத்தைக் காட்டின பிறகு. முதல்ல கேட்டதைக் கொடுத்தாரு, அப்புறம்தான் அறிவுரை. நாம அறிவுரையை மட்டும் எடுத்துக்கிட்டோம்.

சரி, மேட்டருக்கு வருவோம். பதில் எப்படிச் சொல்றது?

ஆறு நாள் கேள்விக்கு, ஆதியாகமம் முதல் ரெண்டு அதிகாரத்தையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுப் படிக்கச் சொல்வேன். முதல் அதிகாரத்துல செடி, விலங்கு, கடைசியில மனுஷன். ரெண்டாவதுல வரிசையே வேற. எழுதினவங்க லேப் ரெக்கார்டு எழுதலைன்னு பசங்களுக்கே புரியும். டார்வின் புத்தகம் வந்தது 1859-ல. அதுக்கு ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாடியே அகஸ்டின் இந்த ஆறு நாளைச் சாதாரண நாளா எடுத்துக்க முடியாதுன்னு எழுதிட்டாரு. பெருவெடிப்புக் கொள்கைக்கு அடித்தளம் போட்டவர்கள்ல முக்கியமானவரான ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்.

மாற்கு கடைசி அதிகாரத்துல 9-ம் வசனத்துலேர்ந்து வர்ற பகுதி, நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ரெண்டு முக்கியமான கைப்பிரதிகள்ல இல்லை. இதை நான் சொல்லலைன்னா யூட்யூப்ல எவனாவது 'சர்ச் மறைத்த ரகசியம்'னு சொல்லுவான். அப்போ பையனுக்கு மாற்கு மேல போறதை விட என் மேல நம்பிக்கை போயிடும். பொட்டி தட்டுற தொழில்ல கத்துக்கிட்ட ஒரே ஞானம் இது: தெரிஞ்ச குறையை நாமளே சொல்லிடணும், கஸ்டமர் கண்டுபிடிக்கக் கூடாது :-)

ஜாதிக் கேள்விக்கு வசனம் சொல்லித் தப்பிக்கவே கூடாது. வரலாறு சொல்லணும். 1833-ல பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள ஜாதி கூடாதுன்னு உத்தரவு போட்டப்போ தஞ்சாவூர்ல எதிர்த்தவங்கள்ல வேதநாயக சாஸ்திரியாரும் ஒருத்தர். அவர் பாட்டை இன்னிக்கும் பாடுறோம். வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயில்ல ஜாதிவாரியாப் பிரிச்ச சுவர் 1910-லதான் இடிபட்டுச்சு. அதை எதிர்த்து சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 2008 மார்ச்ல எறையூர் சர்ச் ஜாதித் தகராறுல போலீஸ் சுட்டு ரெண்டு பேர் செத்தாங்க. இதையெல்லாம் சொல்லிட்டு, 'இது பாவம், நம்ம பாவம்'னு சொல்ற வாத்தியாரைப் பசங்க நம்புவாங்க.

பாட்டி கேள்விக்கும் கானான் கேள்விக்கும்? 'எனக்குத் தெரியலைடா'ன்னுதான் சொல்றேன். பாட்டியைத் தீர்ப்பு பண்ற வேலை எனக்குக் கொடுக்கப்படலை. கானான் பகுதி படிக்கும்போதெல்லாம் எனக்கும் உறுத்துது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேசறதை விட இது எவ்வளவோ தேவலை.

பெத்தவங்களோட நிஜமான பயம் வேற. 'இப்படிக் கேட்க விட்டா பிள்ளை விசுவாசத்தை விட்டுப் போயிடுமே?' போகலாம். ஆறுமுக நாவலரை எடுத்துக்குங்க. 1822-ல நல்லூர்ல பிறந்து, யாழ்ப்பாணத்துல வெஸ்லியன் மிஷன் பள்ளியில படிச்சு, அங்கேயே ஆசிரியராகி, பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிளைத் தமிழாக்க உதவினவர். அவரை விட பைபிளை ஊன்றிப் படிச்ச மாணவன் எங்கே கிடைப்பான்? ஆனா அவர் சைவராவே இருந்தார். 1848-ல வேலையை விட்டு வந்து சைவப் பள்ளி தொடங்கினார். 1854-ல மிஷனரிகளுக்கு மறுப்பா சைவதூஷணபரிகாரம் எழுதினப்போ, பழைய ஏற்பாட்டு ஆலய வழிபாட்டையே ஆதாரமா எடுத்து வச்சார்.

மிஷன் கணக்குல இது தோல்வியா இருக்கலாம். எனக்கு அப்படித் தோணலை. படிச்சு, யோசிச்சு, வேண்டாம்னு சொன்ன மனுஷன் அவர். படிக்காம, யோசிக்காம, அம்மா திட்டுவாங்கன்னு ஆமென் போடுற பையனை விட அவர் அந்தப் புத்தகத்துக்கு அதிக மரியாதை கொடுத்திருக்காரு. வேண்டாம்னு சொல்ல உரிமை இல்லாத இடத்துல சரின்னு சொல்றதுக்கு என்ன மதிப்பு?

அதனால என் வகுப்புல விதி ரெண்டே ரெண்டு. எந்தக் கேள்வியும் கேட்கலாம். இங்க கேட்டது அப்பா அம்மாகிட்டயோ ஆயர்கிட்டயோ போகாது.

கோயில், பள்ளிவாசல், பெரியார் திடல்னு எந்தப் பக்கம் இருந்தாலும், உங்க வீட்டுப் பதினஞ்சு வயசு உங்க நம்பிக்கையையே கேள்வி கேட்டா என்ன பண்றீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. அனானிகளும் வரலாம், ஆனா அடி மென்மையா இருக்கட்டும் :-)